நாட்காட்டியும் நாகரிகமும்

சிவகாசி அச்சகங்களில் ஆண்டுதோறும் நாட்காட்டிகள் அச்சாகிக் குவிகின்றன. கட்டுக் கட்டாக, வண்டி வண்டியாக, நாட்டின் நாலா திசைக்கும் செல்கின்றன. ஒரு கற்பனை செய்து பார்ப்போம். ஏதோ ஓர் ஊழி வந்தது, எல்லாம் அழிந்தது. வெடியாலையின் கணக்கேடும், தீப்பெட்டி ஆலையின் கூலிச் சீட்டும், காதலன் எழுதிய கடிதமும், கந்துவட்டிக்காரன் கைநாட்டு வாங்கிய பத்திரமும் சாம்பலாயின. நாட்காட்டிகள் மட்டும் மண்ணுக்குள் மிஞ்சின. ஆயிரம் ஆண்டு கழித்து வேற்று நாட்டு அறிஞர் ஒருவர் வந்து தோண்டுகிறார். எண்களைப் படிக்க அவரால் முடிகிறது. எழுத்தைப் படிக்க முடியவில்லை. என்ன எழுதுவார்?

"இம்மக்கள் காலத்தையே கடவுளாகத் தொழுதவர்கள். நாள்தோறும் ஒன்றரை மணி நேரத்தைத் தனியே குறித்து வைத்திருக்கிறார்கள்; அது ஏதோ பெருந்தெய்வத்துக்குரிய நேரமாதல் வேண்டும். வணிகம் அறியார், வழக்கு அறியார், கூலி கேட்டுக் கொடி பிடிக்க அறியார். வானத்தை நோக்கி வாழ்ந்த சோதிடப் பெருமக்கள்!" என்று எழுதுவார், பட்டமும் பெறுவார்.

நகைக்கிறீர்கள். ஆனால், நடு அமெரிக்காவின் மாயர் இனத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பேரறிஞர்கள் எழுதியது ஏறத்தாழ இதுதான். அவர்களை நகைத்துவிட்டு நாம் நிமிர்ந்து நிற்கவும் வழியில்லை. நம் தமிழகத்துக் குகைகளின் கதை அதைவிட நெடியது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்க நம்மைத் தூண்டியது ஒரு மாணவனின் கேள்வி.

நாம் ஆசிரியப் பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் ஊர்களிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளி. வரலாற்று வகுப்பில் ஒருநாள், வெடித்திரி செய்யும் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்தான். "ஐயா, மாயன் நாகரிகத்தைக் கட்டியவர்கள் தமிழர்களாமே, மயன் என்ற சிற்பிதான் மாயன் ஆனானாமே, உண்மையா?" என்றான். செல்பேசியில் சுற்றிவரும் செய்தி அது. வீட்டில் யாரோ காட்டியிருக்கிறார்கள். நாம் அதைப் பற்றி ஒரு பக்கமும் படித்ததில்லை. ஆனாலும், இனப்பெருமை நெஞ்சில் ஊறியிருந்ததால், "இருக்கலாம், இருக்கலாம்" என்று தலையசைத்தோம். வகுப்பு கைதட்டியது. அந்தக் கைதட்டல் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. மறுவாரம் மதுரைக்குச் சென்று நூலகத்தில் அமர்ந்தோம்.

மாயர் எழுத்தை அழித்தவனே அதன் திறவுகோலையும் விட்டுச் சென்றான் என்பது வரலாற்றின் விந்தை. தியேகோ தெ லந்தா என்னும் கிறித்தவத் துறவி 1562-இல் யுக்கத்தான் பகுதியின் மானி என்ற ஊரில் மாயர்களின் ஏடுகளைத் தீயிட்டான். அவற்றில் மூடநம்பிக்கையும் பேயின் பொய்யும் அன்றி வேறில்லை என்பது அவன் கருத்து. இன்று உலகெங்கும் எஞ்சியவை நான்கே ஏடுகள். பின்னர், ஏறத்தாழ 1566-இல், அம்மக்களைப் பற்றி அவன் எழுதிய நூலில் மாயர் "அகரவரிசை" ஒன்றையும் குறித்து வைத்தான். மாயருக்கு அகரவரிசை என்பதே கிடையாது. ஸ்பானிய எழுத்தின் பெயரை இவன் உரக்கச் சொல்ல, எதிரே இருந்த மாய எழுத்தர் அந்த ஒலிக்கு உரிய அசைக்குறியை எழுதிக் காட்டினார். இவன் அதை எழுத்து என்று கொண்டான். ஒரு சொற்றொடர் எழுதிக் காட்டு என்று கேட்டபோது அந்த எழுத்தர் எழுதிய தொடரின் பொருள் என்ன தெரியுமா? "எனக்கு விருப்பமில்லை" என்பது! ஏடுகளை எரித்தவன் எதிரில் அமர்ந்து ஓர் எழுத்தர் எழுதிய அத்தொடரை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அந்த நூலின் படி மூன்று நூற்றாண்டு மறைந்து கிடந்து, 1862-இல் மாட்ரிட் நகரில் கண்டெடுக்கப்பட்டது. அதற்குப் பின், டிரெஸ்டன் நகர நூலகத்திலிருந்த மாய ஏட்டை ஆராய்ந்த ஃபோர்ஸ்டெமான் என்ற செருமானியர், புள்ளியும் கோடுமாய் எழுதப்பட்ட எண்களையும், இருபதின் மடங்கில் ஏறும் கணக்கையும், சுழிக்குறியையும், நாட்கணக்கையும் விளக்கினார். பெருஞ்சாதனை அது. ஆனால் அங்கேயே வண்டி நின்றது. எண் படிக்க முடிந்ததால் எல்லாம் எண்ணே என்றார்கள். இங்கிலாந்து நாட்டு எரிக் தாம்சன் இந்தக் கொள்கையின் தலைவர். மாயர் எழுத்தில் ஒலி இல்லை, அது கருத்துக்குறி. கல்லில் உள்ளவை காலத்தைத் தொழும் பூசாரிகளின் கணக்கு. மன்னர் பெயரோ போரோ அதில் இராது என்றார். தாம்சனைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கம் அன்று. மாய நாட்கணக்கை நம் நாட்கணக்கோடு இணைத்துக் காட்டிய மூவருள் அவர் ஒருவர். அவர் தொகுத்த குறிப்பட்டியலின் எண்களை அவரை மறுத்தவர்களும் கையாண்டார்கள். பேரறிஞர்தாம். ஆனால், தம் கையில் இருந்த விளக்கின் வெளிச்சம் விழாத இடமெல்லாம் வெற்றிடம் என்று அவர் சாதித்தார். அவர் குரலுக்கு அஞ்சி ஒரு தலைமுறை வாய்மூடியது.

வாய் திறந்தவர் எங்கோ லெனின்கிராடில் இருந்தார். யூரி குனோரோசவ், முப்பது வயது. மாயர் நாட்டைக் கண்ணால் கண்டதில்லை, 1990-ஆம் ஆண்டுவரை காணவும் இல்லை. 1952-இல் அவர் எழுதிய கட்டுரையின் கேள்வி எளியது: மொத்தக் குறிகள் எத்தனை? சில நூறு. வெறும் எழுத்துகளாயின் முப்பது நாற்பது போதும்; சொல்லுக்கொரு படமாயின் ஆயிரக்கணக்கில் வேண்டும். இடையில் நிற்பதால் இது சொற்குறியும் அசைக்குறியும் கலந்த எழுத்து. அப்படியானால் லந்தா குறித்தவை பிழையான எழுத்துகள் அல்ல, சரியான அசைகள்! டிரெஸ்டன் ஏட்டில் வான்கோழிப் படத்தின் மேல் இரு குறிகள். முதற்குறி லந்தாவின் பட்டியலில் "கு". மாய மொழியில் வான்கோழி "குட்ஸ்". ஆகவே அடுத்த குறி "ட்ஸு" ஆதல் வேண்டும். நாயின் படத்துக்கு மேல் பார்த்தார்: அதே "ட்ஸு" முதலில், பின்னால் லந்தா "ல்" என்று குறித்த குறி. மாய மொழியில் நாய் "ட்ஸுல்". ஓரிடத்தில் ஊகித்த ஒலி, வேறோரிடத்தில் வேறொரு சொல்லைத் தானாகவே தருகிறது. இந்தச் சோதனையை மறவாதிருக்க வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் நம் வீட்டுப் பண்டத்தையும் இதே தராசில் நிறுக்க வேண்டியிருக்கிறது.

தாம்சன் என்ன செய்தார்? இது பொதுவுடைமைப் பிரசாரம் என்றார்! வான்கோழிக்கும் வர்க்கப் போருக்கும் என்ன தொடர்போ, நாம் அறியோம். 1975-இல் மறையும்வரை ஒலிக்கொள்கையை அவர் ஏற்கவில்லை. ஆனால் வரலாற்றை மறைக்க முடியவில்லை. 1960-இல் தாத்தியானா புரொஸ்கூரியாக்கோவ் என்ற பெண்மணி, பியெத்ராஸ் நெக்ராஸ் நகரத்துக் கற்றூண்களின் ஆண்டுகளை வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு தூண் வரிசையின் காலமும் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அடங்கிற்று. பிறப்பு, முடிசூட்டு; அடுத்தவன் பிறப்பு, முடிசூட்டு. கடவுளர் என்று கருதப்பட்டோர் மன்னர்கள்! நீண்ட அங்கி அணிந்த ஆண் பூசாரிகள் என்று ஏடுகள் எழுதிய உருவங்களுள் பல, பெண்கள்! இதை மட்டும் தாம்சனும் ஒப்புக்கொண்டார். பூசாரியின் அங்கிக்குள்ளிருந்து அரசியை வெளியே அழைத்துவர ஒரு பெண்ணின் கண் வேண்டியிருந்தது.

இனி நம் குகைகளுக்கு வருவோம்.

அசோகன் கால பிராமி எழுத்தை 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்து முடித்தார். சாஞ்சியின் கல்வேலியில் சிறு சிறு பொறிப்புகள் பலவும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டு, கொடை தந்தவர்களின் பெயர்கள் இவை, இறுதிச் சொல் "தானம்" என்று ஊகித்தது அவருக்கு வழி திறந்தது. ஆக, நம் நாட்டில் எழுத்தின் கதவு அப்போதே திறந்தாயிற்று. 1882-இல் மதுரைக்கு அருகேயுள்ள மாங்குளம் குன்றின் குகைப் பொறிப்புகளை இராபர்ட் சூவெல் கண்டு குறித்தார். 1903-இல் கீழவளவுப் பொறிப்பு வெங்கையாவின் கவனத்துக்கு வந்தது. எழுத்து பிராமிதான், ஒவ்வோர் எழுத்தும் தெரியும். ஆனால் கூட்டிப் படித்தால் பொருள் இல்லை! ஏன்?

குகைகள் சமணத் துறவியர் தங்கியவை. இலங்கையிலும் இத்தகைய குகைகளும் பொறிப்புகளும் உண்டு. ஆகவே மொழி பாலியாகவே இருத்தல் வேண்டும் என்று வெங்கையா கருதினார். அன்றைய சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது தவறான தொடக்கம் என்று கூற மாட்டோம். ஆனால் பாலியாகப் படித்துப் பொருள் வராதபோதும் பாலியையே கட்டிக்கொண்டு நின்றார்களே, அதுதான் குறை. 1919-இல் புனாவில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில் கிருஷ்ண சாஸ்திரி இவற்றை ஆராய்ந்து, சில இடங்களில் தமிழின் சாயல் கண்டார். முழு முடிவுக்கு வரவில்லை. மதுரையைச் சுற்றிய மலைகளில், பாண்டிய நாட்டின் நெஞ்சில் வெட்டியிருக்கிற எழுத்து, பாண்டிய நாட்டு மக்களின் மொழியாக இருக்கக்கூடுமே என்ற எண்ணம் இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை? தமிழ் வீட்டில் பேசத்தான். கல்லில் ஏறுவதற்கு வேறொரு மொழி வேண்டும் என்னும் நெடுநாள் பழக்கம் அறிஞர் கண்ணையும் மறைத்தது என்றே கருதுகிறோம்.

1924-இல் சென்னையில் கூடிய மூன்றாம் கீழ்த்திசை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எழுந்தார். அவர் செய்தது குனோரோசவ் செய்ததற்கு ஒப்பானது. அவரைவிட இருபத்தெட்டாண்டு முந்தியது. குறிகளை எண்ணினார். எவை இருக்கின்றன, எவை இல்லை என்று பார்த்தார். வடமொழியின் நான்கு ககரங்களுள் ஒன்றுதான் இருக்கிறது. நான்கு பகரங்களுள் ஒன்றுதான். அசோகன் கல்வெட்டில் காணாத சில வடிவங்களோ இங்கே இருக்கின்றன. அவை ழ, ள, ற, ன என்று காட்டினார். ழகரம் ஏறிய கல்லைப் பாலி என்று யார் சொல்வது? இது தமிழ் என்றார். அவர் பெயரின் பின்னொட்டைக் கண்டு நம்மவர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும்; சுளிக்க வேண்டாம். தமிழின் மிகப் பழைய கல்லைத் தமிழ் என்று முதலில் துணிந்து உரைத்தவர் அவர். அந்தக் கடனை நம் மேடைகள் போதிய அளவு தீர்த்ததாகத் தெரியவில்லை.

என்றாலும், அவர் படித்துக் காட்டிய தொடர்கள் முழுமையாகத் தெளிவுறவில்லை. சொற்கள் வாயில் நுழையாமல் நீண்டு நின்றன. பாகதமும் தமிழும் கலந்த கலப்பு மொழி என்று சொல்லி ஒதுங்கினோர் பலர். முடிச்சு எங்கே இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் காட்டும் முறையில் சொல்கிறோம். அசோகனின் எழுத்தில் "க" என்ற வடிவம் தனியே நின்றால் அதனுள் அகரம் உண்டு. பக்கத்தில் ஒரு கோடு இழுத்தால் "கா". மாங்குளம் போன்ற பழைய தமிழ்ப் பொறிப்புகளில் நிலைமை வேறு: தனியே நின்றால் அது "க்" என்னும் மெய், கோடு இழுத்தால் "க" ஆகவும் இருக்கலாம், "கா" ஆகவும் இருக்கலாம். "மகன்" என்று எழுத வேண்டுமானால் மகரத்துக்கு ஒரு கோடு, ககரத்துக்கு ஒரு கோடு, னகரம் வெறுமையாய். அசோகனின் கண்ணோடு பார்ப்பவர் இதை "மாகான" என்று படிப்பார். மாகான என்ற சொல் எந்த மொழியிலும் சிக்காது; அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கை ஓயும். தமிழ்க் கண்ணோடு பார்ப்பவர்க்கு மகன் எதிரே நிற்கிறான்!

தமிழ்ச் சொற்கள் பல மெய்யில் முடிவன. அம்மொழியை எழுத, அகரம் உள்ளடங்கிய வடநாட்டு எழுத்து அப்படியே உதவாது. அதனால் நம் முன்னோர் எழுத்தைத் தம் மொழிக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். பின்னர், மெய்யைக் காட்டப் புள்ளி வைக்கும் முறை வந்தது. தொல்காப்பியம் கூறும் புள்ளி அதுவே. இந்தப் படிநிலைகளை வகுத்துக் காட்டியவர் ஐராவதம் மகாதேவன். 1954-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். அலுவலுக்கிடையே குன்று குன்றாக ஏறினார். 1965-இல் கரூர் அருகே புகளூர்க் குன்றின் பொறிப்பில் சேர மன்னர் மூவரின் பெயர்களைப் படித்தார்: கோ ஆதன் செல் இரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. பதிற்றுப்பத்து பாடும் இரும்பொறை மரபு கல்லிலே நின்றது. அதே காலத்தில் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரையும் அவர் படித்தார். சங்கப் பாடல்கள் பிற்காலப் புலவர்களின் புனைவு என்று கூறி வந்தோர்க்கு அந்தக் குன்றுகளே மறுமொழி கூறின. 1924-இலிருந்து 1965 வரை நாற்பத்தோராண்டு! சூவெல் கண்ட நாளிலிருந்து எண்ணினால் எண்பத்துமூன்று!

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒற்றுமை பளிச்சிடுகிறது. மாயருக்கு நிகழ்ந்ததே இங்கும்: மக்கள் கண்முன் வாழ்கிறார்கள், அவர்கள் மொழி காதில் விழுகிறது, கல்லைப் படிக்க வந்தவர் மட்டும் அந்தக் குரலுக்குச் செவிகொடுக்கவில்லை. வேற்றுமையும் உண்டு. மாயர் கற்கள் பெரும்பாலும் மன்னரின் பிறப்பையும் போரையும் பேசுகின்றன. நம் குகைகளில் மன்னர் பெயர் சிலவே. அழகர்மலைக்குச் சென்று பாருங்கள்: உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன், பொற்கொல்லன்! துணி விற்றவனும் ஏர்க்கொழு விற்றவனும் துறவிக்குப் படுக்கை செய்து தந்து தம் பெயரைப் பொறிக்கச் செய்திருக்கிறார்கள். கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் முதலாக எளிய ஆட்பெயர்கள். சோறாக்கும் பானையில் உடையவனின் பெயர். எழுத்து ஒரு சாராரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த நாட்டில் பானைக்குப் பெயர் எழுத வேண்டிய தேவை என்ன? ஈராயிரம் ஆண்டுக்கு முன் உப்பு விற்றவன் உரிமையாய்க் கொண்டிருந்த எழுத்தைப் பிற்காலத்தில் அவன் வழிவந்தோர்க்கு மறுத்த கொடுமை எப்படி நுழைந்தது என்பதே நம் வரலாற்றாசிரியர்கள் எழுத வேண்டிய பெரிய அதிகாரம்.

இனி, நம் வீட்டுப் பண்டத்தைத் தராசில் ஏற்றுவோம்.

மாயன் தமிழனா? குனோரோசவின் சோதனையே விடை தருகிறது. மாயர் கற்கள் இன்று பெரும்பாலும் படிக்கப்பட்டுவிட்டன; படித்தவுடன் வந்த சொற்கள் மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் இன்றும் வாழும் மாய மக்களின் மொழிச் சொற்கள். "பாலாம்" என்றால் சிறுத்தை இனத்துப் புலி. நம் பாலம் அன்று. பலெங்கே நகரை 615 முதல் 683 வரை ஆண்ட மன்னன் பகால். அதைப் "பகல்" என்று ஒலித்துச் சூரிய குலத் தமிழன் ஆக்கிவிட ஆவல் எழும். ஆனால் அவன் பெயரைச் சில இடங்களில் கேடயத்தின் படமாகவும், சில இடங்களில் ப, க, ல என்னும் மூன்று அசைகளாலும் எழுதியிருக்கிறார்கள். கேடயம் என்பதே பொருள் என்று அவர்கள் எழுத்தே சான்று பகர்கிறது. மயன் என்ற பெயரின் ஒலி ஒன்றை வைத்து ஒரு நாகரிகத்தையே நம் கணக்கில் எழுதிக்கொள்வது, தமிழ்க் குகைகளைப் பாலியின் கணக்கில் எழுதியதைவிட எவ்வகையில் உயர்ந்தது? நம் கல்லை நமக்கில்லை என்றபோது கொதித்தோம். மாய உழவனின் பாட்டன் செதுக்கிய கல்லை நாம் பறிப்பது முறையா?

சிந்து முத்திரைகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அங்கே நம் தரப்புக்கு வலுவான காரணங்கள் உண்டு. அதே குனோரோசவ் தலைமையில் சோவியத் அறிஞர் குழு கணிப்பொறி கொண்டு ஆராய்ந்து, 1965-இல் அம்மொழியின் அமைப்பு திராவிடத்தை ஒத்தது என்றது. பின்லாந்தின் அஸ்கோ பார்ப்போலாவும் அவ்வழியே நடந்தார். மகாதேவன் 1977-இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகளை வகைப்படுத்தினார். ஆனால் சராசரியாக ஐந்தாறு குறிகளே கொண்ட சிறு பொறிப்புகள். இருமொழிக் கல்வெட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. லந்தாவைப் போல் ஒருவன் எழுதி வைக்கவும் இல்லை. அது மொழியைக் குறிக்கும் எழுத்தே அன்று என்று 2004-இல் வாதிட்டோரும் உண்டு. அப்படியிருக்க, வாரம் ஒருவர் மேடையேறி ஒரு முத்திரையை முருகன் என்றும் மற்றொன்றை மீனவன் என்றும் படித்துக் காட்டுகிறார். ஒரு முத்திரையில் தந்த ஒலியை அடுத்த முத்திரையில் வைத்துப் படித்துக் காட்டுங்கள் என்றால் அவையை விட்டே எழுந்துவிடுகிறார்! 2025 சனவரியில் தமிழக முதலமைச்சர் இவ்வெழுத்தைப் படித்து மெய்ப்பிப்போர்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்தார். அறிவிப்பின் பொருள் என்ன? இன்னும் எவரும் மெய்ப்பிக்கவில்லை என்று அரசே ஒப்புக்கொண்டது என்பதுதானே!

மகாதேவன் தாம் முதலில் வெளியிட்ட குகைப் பாடங்களை நம்பி இருந்துவிடவில்லை. அறுபதைக் கடந்த வயதில் மீண்டும் குகைகளுக்கு ஏறிச் சென்று, எழுத்தெழுத்தாய்ச் சரிபார்த்து, தம் பழைய பிழைகளைத் தாமே திருத்தி 2003-இல் பெருநூலாக வெளியிட்டார். அதைப் படித்த பிறகு, "இருக்கலாம், இருக்கலாம்" என்ற நம் தலையசைப்பு நினைவுக்கு வந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பில், அன்று சொன்னது பிழை என்று தொடங்கினோம். பிள்ளைகளுக்குச் சற்று ஏமாற்றம்தான், கைதட்டல் இல்லை. கரும்பலகையில் "மகன்" என்பதைத் தமிழி எழுத்தில் எழுதி, அசோகன் எப்படிப் படிப்பான், மாங்குளத்தான் எப்படிப் படிப்பான் என்று கேட்டோம். "மாகான" என்றதும் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. வெம்பக்கோட்டையில் 2022 முதல் அகழாய்வு நடந்து சங்கு வளையலும் மணிகளும் சுடுமண் உருவங்களும் கிடைத்ததைச் சொன்னபோது, அந்த மேட்டுக்குத் தன் அத்தை மண் சுமக்கப் போனாள் என்றாள் ஒருத்தி. நல்லது, அடுத்த முறை அவரை வகுப்புக்கு அழைத்து வா என்றோம்.

கேள்வி கேட்ட அந்த மாணவன் ஏட்டைப் புரட்டி, முன்பு எழுதியிருந்த வரியை அடித்துக் கொண்டிருந்தான். பிறகு தலைநிமிர்ந்து, "அப்போ சிந்து முத்திரையில் என்னதான் ஐயா எழுதியிருக்கிறது?" என்றான். தெரியாது என்றோம். அதையும் எழுதிக்கொள்ளவா என்று கேட்டான், எழுதிக்கொள் என்றோம்.